ஒன்றரை அங்குல ஒட்டு

குழாயை வளைத்தால் கொஞ்சம் நீளும். அதற்கு எவ்வளவு கழித்து வெட்டுவது என்பதுதான் கிளிநொச்சியில் குழாய் நாற்காலிகள் செய்யும் ஏரம்புவின் பட்டறை இரகசியம். வெட்டுவது அவர் மட்டும். வளைப்பவர்கள் இருவர்: எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த வீரையாவும், ஏரம்புவின் மருமகனும். தனக்கு ஏதும் நேர்ந்தால் உதவுமென்று, இருவரிடமும் தனித்தனியே அந்த அளவைச் சொல்லி வைத்திருந்தார்.

நெடுங்கேணியில் ஒரு புதுப் பட்டறை அதே கதிரைகளைச் செய்யத் தொடங்கியது.

"தோட்டத்தால வந்தவனை நம்பினா இப்பிடித்தான், மாமா. அவனை நாளைக்கே வேலையால நிப்பாட்டுங்கோ," என்றான் மருமகன்.

ஏரம்பு அங்கே போய் ஒரு கதிரை வாங்கிவந்தார். முதுகுச் சட்டம் நீளம் போதாமல், நுனியில் ஒன்றரை அங்குலத் துண்டு ஒட்டியிருந்தார்கள். வீரையாவைத் தனியே கூப்பிட்டார்.

"நீ அளவை விக்கேல்லை, வீரையா. அரை அங்குலம் கழிக்கிற இடத்தில ரண்டு கழிச்சிருக்கிறாங்கள். ரண்டு எண்டு நான் மருமகனுக்குத்தான் சொன்னனான். ஆர் காட்டிக்குடுக்கிறான் எண்டு பிடிக்கத்தான் பிழையாச் சொன்னது."

வீரையா நிம்மதியாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"சரியான அளவு அரையா? எனக்கு ஒரு அங்குலம்னு தானே சொன்னீங்க?"

ஏரம்பு கதிரையைத் தூக்கி மூலையில் வைத்தார்.

"ஏழு வருசமா, முதலாளி?"