மேல்மாடியில் விசாரணை

“ஒருத்தரும் படியில கால் வைக்கப்படா.”

தம்பிமுத்து ஐயா படிக்கட்டுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். அந்த அலுவலகத்தில் கோப்பு தூக்குகிற, வருகிறவர்களைப் பதிகிற வேலைதான் அவருக்கு. ஆனால் அன்றைக்கு இருந்த இருப்பைப் பார்த்தால் கட்டிடமே அவருடைய சீதனம் மாதிரி.

பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிசம். பத்து மணிக்கு மேல்மாடிக்கு வராவிட்டால் மேன்முறையீடு நிராகரிக்கப்படும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. கால் ஏலாதவர்களுடைய விசாரணையை மேல்மாடியில் வைத்தது எந்த மூளையோ தெரியாது.

கீழே பதினொரு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் என் வாப்பா.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் வாப்பாவின் இடது கால் போய் மூன்று வருசம். உதவிக் கொடுப்பனவு நின்று ஆறு மாதம். மருந்தெல்லாம் அதில்தான். அது நின்றதே வாப்பாவின் மரியாதையால்தான். வீட்டுக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தரைக் கட்டிலில் கிடந்தபடி வரவேற்கக் கூடாதென்று, பொய்க்காலை மாட்டி, கேற் வரைக்கும் நடந்து போய், “அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம், வாங்க” என்று கூட்டி வந்தார். அந்த மனுசன் இளநியையும் குடித்துவிட்டு, ‘நல்ல சுகம், நடமாடுகிறார்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற நான்தான் மேன்முறையீடு எழுதினேன். மூன்று நாள் வாப்பாவுக்குப் பாடமும் எடுத்தேன்.

“எப்படி சுகம் எண்டு கேட்டா?”

“அல்ஹம்து...”

“வாப்பா.”

“சரி மகள். சுகமில்ல.” சொல்லிவிட்டு அடித்தொண்டையில் “அஸ்தஃபிருல்லாஹ்” என்று மன்னிப்பும் கேட்பார்.

இவ்வளவு பாடுபட்டு வந்தால், இந்த ஆள் படியை மறித்துக்கொண்டு இருக்கிறார்.

“ஐயா, விலகுங்க. வாப்பா ஏறணும்.”

“ஏற ஏலா, பிள்ள.”

“அவருக்கு ஏலும்.”

“ஏலுமோ ஏலாதோ, அங்கால போய் இருங்க.”

“இருவத்திரெண்டு படிதானே தம்பி,” வாப்பா கெஞ்சினார். “பிஸ்மி சொல்லி ஏறிருவன்.”

“காக்கா, பேசாம இருங்க,” என்று வாப்பாவை அடக்கினார்.

ஊன்றுகோல் வைத்திருந்த றம்ஸீன் நானா பக்கத்தால் நுழையப் பார்த்தார். தம்பிமுத்து ஐயா அந்த ஊன்றுகோலைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் கண்ணாலே பார்த்தேன். காலில்லாத மனுசனுடைய கோலை.

சக்கர நாற்காலியில் இருந்த, அவருடைய ஊர்க்காரியான பூமணி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “தம்பிமுத்து, பின்னேரம் நீ காரைதீவுக்குத்தானே வரோணும்?”

“வருவன் அக்கா.”

“வா. உன்ர பெண்சாதியிட்டச் சொல்லுறன்.”

“சொல்லுங்க. அவளுக்கும் பேச ஒரு காரணம் வேணும்.”

பத்து மணியானது. பத்தேகால் ஆனது. ஆறு மாதம் அலைந்ததெல்லாம் இந்த ஒரு கதிரையால் போகப் போகிறது.

அவருடைய போன் அடித்தது. “ஓம் மிஸ்... இல்ல மிஸ், இன்னும் எழுதல்ல... ஆக்கள் இருக்காங்க மிஸ். ஓம். கீழதான் இருக்காங்க.” வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சப்பாத்துச் சத்தம் கேட்டது. விசாரணைக் குழுவின் தலைவி மிஸ் இறங்கி வந்தார். பின்னால் குழுவின் மற்ற இரண்டு உத்தியோகத்தர்கள், சேர்மார். மிஸ் முதலில் தம்பிமுத்து ஐயாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகுதான் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்களக் கஷ்டப்படுத்தப்படா எண்டு நாங்களே இறங்கி வந்திட்டம்.”

எல்லாருக்கும் முகம் மலர்ந்துபோனது. வாப்பா அந்த இடத்திலேயே கையேந்தி துஆ செய்தார். பத்து மாடி இறங்கி வந்தது போல மிஸ்ஸுக்கும் சந்தோசம்.

வாப்பாவின் முறை வந்தது.

“எப்படி சுகம்?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் மிஸ்.”

மூன்று நாள் பாடம் அவ்வளவுதான். நான் இடையில் பாய்ந்தேன். “மிஸ், எங்கட வாப்பா உசிர் போய் மையித்துக் கட்டில்ல கிடந்தாலும் இதத்தான் சொல்லுவார். கால மட்டும் பாருங்க.”

பொய்க்காலைக் கழற்றிக் காட்டினேன். சுற்றியிருந்த துணியில் இரத்தம். சேர்மார் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் எழுதினார். கொடுப்பனவு திரும்பக் கிடைக்கும், கடிதம் வரும் என்றார்கள்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என்னால் முடியாது.

“மிஸ், நீங்க நல்லம். ஆனா இந்த ஐயா எங்கள மேல வர விடவே இல்ல. ஊன்றுகோலையும் பறிச்சு வெச்சிருக்கார். நீங்க இறங்கி வராட்டி எங்கட கேஸ் எல்லாம் போயிருக்கும்.”

மற்றவர்களும் “ஓம், ஓம்” என்றார்கள். தம்பிமுத்து ஐயா றம்ஸீன் நானாவின் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி வைத்தார்.

மிஸ்ஸின் முகத்தில் ஒரு வெளிச்சம். “அப்பிடியா? எழுத்தில தாங்க மகள். நான் நடவடிக்கை எடுக்கிறன்.”

“தாள் இல்லயே மிஸ்.”

“அவர்ர மேசையில இருக்கும். எடுங்க.”

பேனையும் கையுமாகப் போனேன். மேசையில் முதலாவதாகக் கிடந்தது அன்றைய பதிவுத்தாள். மேலே ஒரு குறிப்பு, அடியில் மிஸ்ஸின் கையெழுத்து.

‘பத்து மணிக்குள் மேல்மாடிக்கு வராதோரைச் சமுகமளிக்கவில்லை எனவும், படியேறி வந்தோரை நடக்கக்கூடியவர் எனவும் பதிக.’

அதற்குக் கீழே பதினொரு பெயர்கள். வாப்பாவின் பெயர் நாலாவது.

எந்தப் பெயருக்கு நேரேயும் தம்பிமுத்து ஐயா இரண்டில் எதையும் பதிந்திருக்கவில்லை.