மறைத்த பாதி

"இந்தப் படத்துல பாதியை அட்டை போட்டு மறைச்சது யாரு?"

ஓவியக் கண்காட்சியின் நடுவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

மறைத்தது பிரேம் கடைக்காரர்தான். ஹாலில் தொங்கிய நாற்பது படங்களுக்கும் சட்டம் போட்டவர் அவர். இந்த ஒன்று மட்டும் அவருடைய சம்பந்தி வரைந்தது. கல்யாணத்தன்றே அந்த மனுஷன், "வரைஞ்சவனைத்தான் பார்ப்பாங்க, பலகை அடிச்சவனை எவன் பார்க்கிறான்?" என்று பத்துப் பேர் நடுவில் சிரித்தவர். நாலு வருஷமாகியும் கடைக்காரருக்கு அது ஆறவில்லை.

படத்தில் ஆறு, மலை, மரம் எல்லாம் உண்டு. இடது பாதியை அடைத்துக்கொண்டு தீப்பெட்டி மாதிரி ஒரு வீடு. சம்பந்தி மூன்று மாதம் ஓடு ஓடாக எண்ணி வரைந்தது. கடைக்காரர் கறுத்த அட்டையில் வலது பாதிக்கு மட்டும் ஜன்னல் வெட்டி, வீட்டை மொத்தமாக மூடிவிட்டார். வயிறு எரியட்டும் என்றுதான்.

இப்போது சம்பந்தி முந்திக்கொண்டார்.

"நான்தாங்க வெட்டச் சொன்னேன்."

நடுவர் படத்துக்குக் கிட்டப் போனார்.

"பிரமாதம். மரம் ஓரத்துக்குப் போனதால கண்ணு ஆத்தோட வளைஞ்சு உள்ள போகுது. கிட்டப் பாறை நல்ல கறுப்பு, அடுத்த மேடு சாம்பல், தூரத்து மலை புகை மாதிரி. அட்டை கறுப்பா இருக்கிறதாலதான் அந்த வெளிச்சமே தெரியுது. எதை விடணும்னு தெரிஞ்ச ஆளுங்க நீங்க."

முதல் பரிசு. சம்பந்தி தலையைத் தலையை ஆட்டினார்.

கடைக்காரருக்குத் தன் வயிறுதான் எரிந்தது. கெடுக்கப் போனது அந்த ஆளுக்கே பரிசாகிவிட்டதே. வராந்தாவில் மடக்கினார்.

"வெட்டச் சொன்னீங்களாக்கும். எப்போ சம்பந்தி, கனவுலயா?"

"சொல்லலதான்."

"அடுத்தவன் கைவேலையை முழுங்க வாய் கூசலையா?"

சம்பந்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டைக் காணோம்னதும் எனக்கும் ஆத்திரம்தான். ஆனா அந்த நடுவர் மூஞ்சியைப் பார்த்தா திட்டப் போறான்னு தோணுச்சு. கெடுத்தது நீங்கன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடுவாங்களா? திட்டை நான் வாங்கிக்கலாம்னுதான் முந்தினேன். பாவி மனுஷன், பாராட்டித் தொலைச்சுட்டான்."