இரண்டு பிரேக், ஒரு வயர்

உங்களுக்குப் பிறகு வேலைக்கு வந்த பெட்டை, உங்களுக்கு வரவேண்டிய பிரான்ஸ் பயணத்தைத் தட்டிக்கொண்டு போனால் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்பீர்களா?

கனகேஸ்வரி நின்றாள். பல் மட்டும்தான் சிரித்தது.

கொழும்புப் பாமன்கடைக் கந்தோரில் இருவருக்கும் ஒரே வேலை. விமானம் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போக எத்தனை வாய்ப்பு உண்டு என்று, வரக்கூடிய எல்லா வழிகளையும் கொம்பியூட்டரில் தேடிக் கணக்குச் சொல்லவேண்டும். பிறகு வந்த கொட்டாஞ்சேனைப் புளோறன்சுக்கு, 'நூறு கோடி மணித்தியாலம் பறந்தால் ஒருதரம்' என்று விடை வந்தது. விமானக் கொம்பனிக்கு அதை விளக்க அவளையே பிரான்சுக்கு அனுப்பப்போவதாக மேலதிகாரி சிவபாதசுந்தரம் சொல்லிவிட்டார்.

"அங்கை அவளுக்கு ஒரு பூனைக்குட்டியையும் தெரியாது. நான் அங்கை இருக்கிற என்ரை தம்பியைக் கண்டு பதினாலு வரியம்!" என்று வீட்டில் பொரிந்தாள்.

"அப்ப அவவின்ரை கணக்கிலை ஒரு பிழை பிடியுமன்," என்றார் கணவர், பகிடிக்கு.

அவள் பகிடியாக எடுக்கவில்லை. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுத் துருவினாள். அகப்பட்டது! இரண்டு பிரேக்கும் தனித்தனி, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்று வைத்துத்தான் முழுக் கணக்கும். வயர்ப் படத்திலோ இரண்டுக்கும் கரண்ட் ஒரே வயரால் வருகிறது. அது அறுந்தால் இரண்டும் போச்சு.

ஓட்டமாய் மேலதிகாரியிடம் போனாள்.

"சேர், இதை அனுப்பியிருந்தால் சனம் செத்திருக்கும்! உதுகூடப் பாராதவவோ பிரான்சுக்கு?"

"அவ குடுத்ததை வைச்சுத்தானே கணக்குப் போட்டவ. இரண்டும் தனித்தனி எண்டு சரிபார்த்துக் குடுத்தது ஆர்?"

அவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். அடியில் கனகேஸ்வரியின் கையெழுத்தும் திகதியும்.

பிள்ளைக்குக் காய்ச்சலென்று வேளைக்கே வீட்டுக்குப் போன நாள் அது. கொழும்புக்கு மேலே புலிகளின் விமானம் வந்துபோன கிழமை. விமானத்தின் வயர்ப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைச் செக்பொயின்றில் எந்தத் தமிழ்ப் பெண் போய் நிற்பாள்? படத்தைக் கந்தோரில் விட்டுவிட்டு, தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், நினைவில் நின்றதை வைத்து ஒப்பமிட்டிருந்தாள்.

"புளோறன்சுக்கு... தெரியுமோ சேர்?"

"திங்கக்கிழமையே தெரியும். அதுதான் கணக்கை அனுப்பாமல் மறிச்சு வைச்சிருக்கிறா."

அவர் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். புளோறன்சின் எழுத்து.

"சேர், வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ. அக்கா எப்பிடியும் திரும்பப் பார்ப்பா. பிழையைக் கண்டுபிடிச்சது அவ எண்டு எழுதி, பிரான்சுக்கும் அவவையே அனுப்பிவிடுங்கோ."