சுண்ணாம்பு அரிப்பு

பத்து நாளாக மனைவி சுகந்தி உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க தணிகாசலத்துக்குச் சந்தேகம் முற்றியது.

அவனுக்கும் அரிப்புதான். ஆனால் அவன் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவன். ஷூ கம்பெனியில் தைக்கிறவளுக்கு எங்கிருந்து வந்தது? அவன் லோடு ஏற்ற வாணியம்பாடி போகும் சனிக்கிழமைகளில், அவளை சூப்பர்வைசர் பைக்கில் கொண்டுவந்து விடுவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

இருவரும் போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் விரலிடுக்கில் இருந்த மெல்லிய கோடுகளை உற்றுப் பார்த்தார். "இது சிரங்கும்மா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டுது. பக்கத்துல படுத்தா ஒட்டிக்கும்."

தணிகாசலம் எகிறினான். "கேட்டுக்கினியாடி? அந்த சூப்பர்வைசர்கிட்ட வாங்கினு வந்து என்கிட்ட நடிக்கிறியா?"



"உங்க கையக் காட்டுங்க," என்றார் டாக்டரம்மா. அவன் விரலிடுக்கிலும் அதே கோடுகள்.

"இது சுண்ணாம்பு அரிப்பும்மா. நாலு மாசமா கீது."

"சுண்ணாம்பு பொண்டாட்டிக்கு ஒட்டாதுப்பா. உங்ககிட்டருந்துதான் அவங்களுக்கு வந்திருக்கு."

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"கழுத்துலருந்து பாதம்வரைக்கும் மருந்து தடவி, மறுநாள் காலைல குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு வாட்டி. கூடப் படுக்கிறவங்க எல்லாரும் ஒரே நாள்ல தடவணும், இல்லன்னா திரும்ப வந்துடும். எத்தினி பேருக்கு எழுதட்டும்?"

"ரெண்டு பேருதான்," என்றான் அவசரமாக.

சுகந்தி நிமிர்ந்தாள்.

"மூணு பேருக்கு எழுதுங்கம்மா. வாணியம்பாடியில இவரு லோடு ஏத்தற வீட்ல ஒருத்தி கீறா. பாவம், நாலு மாசமா அவளும் சொறிஞ்சினுதான் இருப்பா."