சுவர்ச் சோதனை

“முட்டி சரியில்லைங்கறதுக்காக ரூலை மாத்த முடியாது, ஹேஸல். சுவரை விட்டு வண்டியை நீங்களே பின்னால எடுக்கணும். முடியலேன்னா ஊர்வலத்துல இடம் கிடையாது.”

டெரிக் இப்படிச் சொன்னதும், பப்பில் இருந்த அத்தனை பேரும் பீர் கோப்பைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டோம்.

எங்கள் சங்கத்தில் எல்லோரும் சொந்தக் கையால் மூன்று சக்கரக் கார் கட்டியவர்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். இதனால் என்ன உபயோகம் என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் நனைவோம், பெய்யாவிட்டால் சிரித்துக்கொண்டே ஓட்டுவோம்.

ஒரே தொல்லை, மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கிடையாது, வண்டி தானாகப் பின்னால் போகாது. யார்க்‌ஷரின் ஒடுக்கமான பாதைகளில் எதிரே டிராக்டர் வந்தால், இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதற்காகத்தான் மே மாத ஊர்வலத்துக்கு முன் சுவர்ச் சோதனை வைத்திருக்கிறோம். பப்பின் கல் சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி வண்டியை நிறுத்தி, யார் உதவியும் இல்லாமல் பின்னால் எடுக்க வேண்டும்.

ஹேஸல் ஓய்வுபெற்ற பல் டாக்டர். மூன்று வருஷமாகத் தன் காரைக் கட்டியவர். முன் மூடியே பழைய செம்பு வெந்நீர்த் தொட்டியில் வெட்டியது. கடைசி போல்ட்டை முடுக்கிய மாதம் முழங்காலில் ஆபரேஷன். இனி நாற்காலியைக்கூடத் தள்ளக் கூடாதாம்.

“இந்த ஒரு தடவை நாங்க தள்ளிவிடறோமே, என்னப்பா இப்போ?” என்றேன். நான்தான் சங்கச் செயலாளர்.

“கோலின், ரூல்னா ரூல்தான்.”

சொல்வது யார் பாருங்கள். சங்கத்திலேயே ரிவர்ஸ் உள்ள ஒரே ஆள். ஏதோ ஒரு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பின் சக்கரத்தோடு இணைத்து, பீர் குழாயின் கைப்பிடியை லீவராக வைத்திருந்தான். நாங்கள் மூச்சிரைக்கத் தள்ளும்போது, அவன் ஒரு விரலால் லீவரை இழுத்து, டீ குடித்துக்கொண்டே பின்னால் போவான். ஆறு வருஷமாக இந்த அலட்டல். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளுக்கு மூன்று சக்கரமும் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

ஹேஸல் கோபப்படவில்லை. “சரி, யாரும் தள்ளவும் வேண்டாம், ரூலை மாத்தவும் வேண்டாம்” என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் டெரிக் மேல் கோபம் ஆறவில்லை.

மே மாத ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பப் வாசலில் பன்னிரண்டு கார்கள். பதின்மூன்றாவதாக, செம்பு மூக்கு பளபளக்க, ஹேஸல் வந்து சேர்ந்தார். நேரே சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

‘ர்ர்ர்’ என்றொரு சத்தம். கண்ணைத் திறந்தால், கார் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. ஹேஸல் இருக்கையை விட்டு அசையவே இல்லை.

“ஏதுங்க இது?” என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“போன மாசம் யாரோ என் வீட்டு வாசல்ல ஒரு பெட்டியை வெச்சுட்டுப் போயிருந்தாங்க. உள்ள மோட்டார். பேர் இல்லை. நானே மாட்டினேன். முதல்ல ஒயரை மாத்திக் குடுத்துட்டேன், பக்கத்து வீட்டு ரோஜாச் செடி போச்சு.” எல்லோரும் கைதட்ட, என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். “நீங்கதானே, கோலின்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன்.

அடுத்து, எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்த டெரிக். சுவரில் நிறுத்தினான். லீவரை இழுத்தான். வண்டி அசையவில்லை.

“பேட்டரி” என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கித் தள்ளினான்.

“மெதுவாப்பா, முட்டி பத்திரம்” என்றேன். ஆறு வருஷச் சிரிப்பை அன்றைக்கு ஒரேயடியாகச் சிரித்துத் தீர்த்தோம்.

அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தால் விதி சும்மா விடுமா? மூன்றாவது மைலில் என் வண்டியின் சங்கிலி அறுந்தது. கடைசியாக வந்த டெரிக்தான் என்னை ஏற்றிக்கொண்டான். மற்றவர்கள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் கல் மதில். வயலிலிருந்து ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லர் நிறைய ஆடுகளோடு, எதிரே வந்து நின்றது.

“உன் அதிசய ரிவர்ஸ் எங்கே?” என்று வேண்டுமென்றே லீவரை இழுத்தேன்.

அது கையோடு வந்துவிட்டது. அடியில் ஒயரே இல்லை.

இறங்கிப் போய்ப் பின் சக்கரத்தருகே குனிந்து பார்த்தேன். மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன.

எனக்குக் காது சுட்டது.

“ஏன்யா, இதுக்கா அன்னிக்கு ரூல் ரூல்னு குதிச்சே? நாங்கதான் தள்ளிவிடறோம்னு சொன்னோமே?”

“நாம தள்ளிவிட்டிருந்தா அவங்க விருந்தாளி, கோலின். சுவரை விட்டு அவங்களே எடுத்தாங்க பாரு, இப்போ நம்ம ஆளு.”

டெரிக் வண்டிக்கு முன்னால் போய், தள்ளுவதற்காக மூடியில் செம கம்பீரமாகக் கையை வைத்தான். டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவன் சிரித்தான்.

“என்ன பார்க்கறே? பேரைத்தான் நீ வாங்கிட்டே. வண்டியையாவது தள்ளு.”