நான்கு தபால்தலைகள்

சிரிக்காமல் கேளுங்கள், கண்ணுகளா. தணிகாசலத்துக்கு அது இரண்டாம் கல்யாணம். ஏழு மாதமாகியும் வேதவல்லியிடம் அவருடைய உடம்பு எழவில்லை. டாக்டர் ஒரு பழைய சோதனையைச் சொன்னார். நான்கு தபால்தலைகளைப் பிரிக்காமல், படுக்கும்முன் ஆணுறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். குறையில்லாத உடம்பு தூக்கத்தில் தானே எழுந்து வளையத்தை அறுத்துவிடும். அறுந்தால் காரணம் மனதில் இருக்கிறது. அறாவிட்டால் சர்க்கரையோ, ரத்தக்குழாயோ, நரம்போ. மருந்து கொடுத்துப் பார்க்கலாம்.

அறுந்துவிடக் கூடாதே என்றுதான் வேதவல்லி வேண்டிக்கொண்டாள். சர்க்கரையென்றால் அரிசியைக் குறைத்து மல்லுக்கட்டலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் செத்துப்போன மூத்தவள் சொர்ணத்தோடு எதைக் கொண்டு மல்லுக்கட்டுவது?

விடிந்ததும் அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தபால்தலைகள் இரண்டு துண்டாகக் கிடந்தன.

"பாத்தியா வேதா, அறுந்துபோச்சு. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"தெரியும்ங்க. நான் அப்பவே முழிச்சுட்டேன்."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்ப மனசு வரல. தூக்கத்துல சிரிச்சீங்க. நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாசமாச்சு, அந்தச் சிரிப்ப ஒருநாளும் பாத்ததில்ல. கனவுல யாருங்க வந்தா?"

அவர் விரித்திருந்த கையை, அதற்குள் யாருக்கோ குளிருவதுபோல, மெல்ல மூடிக்கொண்டார்.