சொல்லின் மீதி

குமுதவல்லிக்குப் பேச்சு திக்கும். வாசலுக்கு வருகிறவர்களிடம் "வே... வே..." என்று தொடங்குவாள். சொல் முடிவதற்குள், "வேணும்னுதானே சொல்றீங்க? சந்தோஷம்மா" என்று சீப்பையோ சோப்பையோ கையில் திணித்துவிடுவார்கள்.

அன்று ஏதோ அறக்கட்டளை என்று ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர், அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, வந்து நின்றார்.

"வே..."

"ஐந்நூறுன்னு எழுதிரவாம்மா?"

பேனா முனை தொடுவதற்குள் ரசீதின்மேல் உள்ளங்கையைப் பதித்தாள். கையை எடுக்கவே இல்லை. அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவள் உதடு துடித்தது, நெற்றி வியர்த்தது. எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"வே... வே... வேண்டாம்!"

அவர் பேனாவை மூடிக்கொண்டு படியிறங்கினார். குமுதவல்லி கதவைச் சாத்தவில்லை. அடுத்து யாராவது வருகிறார்களா என்று தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள்.